விரதம் கேட்கும் கட்டம்

எங்கள் தெருவில் எனக்கு இப்போது நல்ல பெயர். பால் வாங்கப் போனால் வரிசையில் முன்னால் விடுகிறார்கள். தசரா குழுவுக்கு ஆப் செய்து கொடுத்த பிள்ளை, அந்த ஆப்புக்குள்ளேயே அம்மன் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று எதிர்வீட்டு அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஏன் என்று வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. எழுதியாவது பார்க்கிறேன்.

நான் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குத் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து வேலை பார்க்கிறவள். பெயரைப் போடு, நம்பரைப் போடு, தப்பாகப் போட்டால் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கு என்று வெப்சைட்டுகளில் நீங்கள் நொந்துபோகிறீர்களே, அந்தச் சிவப்பு எழுத்தை எழுதுகிறவள் நான்தான். வீட்டில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். கம்பெனியில் வேலை சுத்தம் என்று பெயர். இரண்டாவது பெயரில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்கள் தெரு தசரா குழுவுக்குத் தலைவர். குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து, மாலை போட்டு, வேஷம் கட்டி, தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். போலீஸ், கரடி, ராஜா, பெண் வேஷம், எது வேண்டுமானாலும் கட்டலாம். காளி மட்டும் அப்படி இல்லை. காளி கட்டுகிறவருக்கு விரதம் கடுமை. ஒரு வேளைச் சாப்பாடு, ஓலைக் குடிலில் படுக்கை. சாவு விழுந்த வீட்டை நாங்கள் துட்டி வீடு என்போம், அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது. எங்கள் குழுவில் வருடத்துக்கு ஒரே ஒரு காளிதான். அது சித்தப்பா போட்ட சட்டம்.

யாருக்கு எந்த வேஷம் என்பதையெல்லாம் அவர் மனசிலேயே வைத்திருப்பார். போன வருடம் அது சொதப்பி, இரண்டு அனுமார்கள் வந்து நின்றார்கள். கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு இரண்டு அனுமாரும் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டதை ஊரே செல்போனில் படம் எடுத்தது. மானம் கப்பலேறியதும் சித்தப்பா என் மாடிக்கு ஏறி வந்தார்.

"ஏளா, ஊருக்கெல்லாம் என்னமோ எழுதிக் குடுக்கியே, நம்ம குழுவுக்கு ஒண்ணு எழுதித் தரமாட்டியா?"

ஒரு சனி ஞாயிறில் எழுதிவிட்டேன். போனில் திறந்தால் பெயர், தெரு, போன் நம்பர், வேஷம், பஸ் சீட்டு. ஒருத்தர் எடுத்த வேஷத்தை இன்னொருத்தர் எடுக்க முடியாது. சித்தப்பா எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறது என்றார்.

"விரதம் ஒழுங்கா இருக்கியான்னு கேக்கணும். இருக்கேன்னு சொல்றவன் பேரை மட்டும் எடுக்கணும்."

"கேட்டு, சேத்து வச்சிரலாம் சித்தப்பா."

"கேக்கணும். ஆனா சேத்து வைக்கக் கூடாது. அது அவனுக்கும் அம்மனுக்கும் உள்ளது. நாளைக்கு எவனாவது உன் ஆப்பைத் தொறந்து, இன்னார் இப்படிச் சொன்னான்னு படிச்சிட்டு இருக்கக் கூடாது."

அவர் கேட்டது எங்கள் தொழிலில் தினம் நடப்பதுதான். பாஸ்வேர்டை இரண்டு தரம் அடிக்கச் சொல்கிறோமே, இரண்டாவதை எங்கேயும் வைத்துக்கொள்வதில்லை. முதலாவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். துறைமுக கேட்டில் காவலாளி பாஸை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பிக் கொடுப்பது மாதிரி. 'விரதம் தவறாமல் இருக்கிறேன்' என்று ஒரு கட்டம் வைத்தேன். அதில் டிக் போட்டால்தான் பெயர் உள்ளே போகும். பெயர் போனபின் அந்த டிக் எங்கேயும் இருக்காது.

சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். விவரம் மாற்ற வருகிறவனிடம் அந்தக் கேள்வியைக் காட்டக் கூடாது. "ஒருத்தன்கிட்ட விரதம் இருக்கியான்னு ரெண்டாந்தடவை கேட்டா, அவனை நம்பலைன்னு அர்த்தமாயிரும்லா." சரிதானே என்று, திருத்தம் செய்கிற பக்கத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வேஷக்காரர்கள் கையில் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடிலில் கூட்டம். எல்லோரும் பார்க்கட்டும் என்று சித்தப்பா வீட்டு டிவியைத் தூக்கிவந்து பெஞ்சின்மேல் நிறுத்தி என் லேப்டாப்பை மாட்டியிருந்தோம். அந்த வருடக் காளி எங்களுக்கு மூன்றாவது வீட்டு அண்ணாச்சி. துறைமுகத்தில் சுமை ஏற்றுகிற வேலை. பேச்சு குறைவு. அவர் மகளுக்கு டெங்கு வந்து இரத்தத் தட்டணு இறங்கி, பிழைக்குமா என்று கிடந்தபோது, மூன்று வருடம் தொடர்ந்து காளி கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டவர். இது மூன்றாவது வருடம். இடையில் ஒரு வருடம் விட்டால் கட்டிய வருடமும் சேராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"ஏம்மா, பழைய போன் தண்ணில விழுந்துட்டு. நம்பரை மாத்தணும்" என்று வந்து நின்றார்.

அவர் பெயரைத் திறந்து, புது நம்பரை அடித்து, சேமி என்பதை அழுத்தினேன். டிவி முழுக்கச் சிவப்பாக வந்தது. 'விரதம் உறுதி செய்யப்படவில்லை.'

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே சிவப்பு. சிரிப்பு நின்றுவிட்டது. கரடி வேஷம் எடுத்திருந்த ஒரு பையன், "அக்கா, உங்க ஆப்ல ஏதோ கோளாறு போல" என்றான். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பெரிய பெரிய கம்பெனிக்காரன் குறை சொல்லாத வேலையை, பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவன் குறை சொல்கிறானா?

"ஆப் சும்மா சொல்லாது. உள்ளதைத்தான் சொல்லும்" என்றேன்.

அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல நான் நினைக்கவே இல்லை. என் வேலையை விட்டுக்கொடுக்காமல் பேசினேன், அவ்வளவுதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை. எல்லோர் கண்ணும் அவர்மேல் போய் நின்றது. அவர் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து மாலையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போனேன்" என்றார்.

"எங்கலே போன?" என்று கேட்டார் சித்தப்பா.

"துட்டி வீட்டுக்கு. தருவைகுளத்துக்கு. எங்கூட வேலை பாத்தவன், நெஞ்சுவலில போயிட்டான். உள்ள போகல தலைவரே. வாசல்லயே நின்னு மூஞ்சியை மட்டும் பாத்தேன். அங்கனயே கடல்ல குளிச்சிட்டுத்தான் வந்தேன். யாருகிட்டயும் சொல்லல."

அவர் மனைவி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அக்காவுக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தபோதே புரிந்தது. சித்தப்பா, "இந்த வருசம் உனக்குக் காளி வேண்டாம்லே. நம்ம கையில ஒண்ணும் இல்ல. கேட்டது அம்மன்" என்று டிவியைக் கைகாட்டினார். அண்ணாச்சி மாலையைக் கழற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்தார். அண்ணாச்சி பெயரை அழித்துவிட்டு, காளியைப் பின்தெருப் பையன் ஒருவனுக்கு நான்தான் மாற்றினேன். அவனுக்குப் புதிதாகப் பெயர் போட்டபோது கட்டம் வந்தது, டிக் போட்டான், பச்சை எழுத்தில் ஏற்றுக்கொண்டது. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு என்ன இருந்தது தெரியுமா? பெருமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமைதான். அண்ணாச்சி பாவம் என்று ஒரு ஓரத்தில் இருந்தது. ஆனால் பார், நான் எழுதியது எப்படிப் பிடித்துவிட்டது என்று அதற்குமேல் ஏறி நின்றது. அது எப்படிப் பிடித்திருக்க முடியும்? அவர் தருவைகுளம் போனது என் லேப்டாப்புக்கு எந்த வழியில் தெரியும்? இத்தனை வருடம் இதே தொழிலில் குப்பை கொட்டியவளுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. அம்மன் பார்த்துவிட்டாள் என்று தெரு பேசியது. நானும் அரைவாசி நம்பினேன், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. எங்கள் குழுவில் இரண்டு பேர் தாங்களாகவே வந்து, இந்த வருடம் வேண்டாம் என்று நைசாகக் கழன்றுகொண்டார்கள். ஆத்தூர்ப் பக்கத்துக் குழு ஒன்று, அந்த ஆப் எங்களுக்கும் வேண்டும் என்று சித்தப்பாவுக்கு போன் பண்ணியது.

ஒன்றிரண்டு நாள் கழித்துச் சித்தப்பா மாடிக்கு வந்தார். அவரும் விரதம் இருந்து பெயர் கொடுத்திருந்தவர்தான். மூட்டுவலியாம், பஸ்ஸில் பின் சீட்டு வேண்டாம், முன்னால் மாற்று என்றார். அவர் பெயரைத் திறந்து சீட்டை மாற்றி அழுத்தினேன். சிவப்பு. 'விரதம் உறுதி செய்யப்படவில்லை.'

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏளா, அந்தக் கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"சுகர் ஏறிக் கெடக்குன்னு டாக்டர் முட்டை திங்கச் சொன்னாரு. வெள்ளைக்கரு மட்டும்தான். மஞ்சக்கருவைத் தொடல."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவரிடமும் ஒன்று இருக்கிறது என்று ஆப்புக்குத் தெரியவா போகிறது? இவர் முன்னால் சிவப்பாக வந்ததும் இவராகவே தேடி எடுத்துக் கொடுக்கிறார். என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் எதையாவது தேடி எடுத்திருப்பேன். அப்படியே திரும்பி, நான் எழுதியதைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன்.

பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. திருத்தும் பக்கத்திலிருந்து கட்டத்தைத்தான் எடுத்திருந்தேன். சேமிக்கும்போதெல்லாம் டிக் இருக்கிறதா என்று பார்க்கிற விதி அப்படியே கிடந்தது. முதலில் போட்ட டிக்கைத்தான் எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லையே. அதனால் யார் பெயரைத் திருத்தினாலும், சீட்டோ நம்பரோ எதை மாற்றினாலும், டிக் இல்லை, விரதம் இல்லை என்றுதான் சொல்லும். புதிதாகப் பெயர் போடுவதைப் பத்துத் தடவை சோதித்த நான், ஒரே ஒரு தடவை ஒரு பெயரைத் திருத்திப் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதுப் பிள்ளைகள் செய்கிற தப்பு. இப்படிச் செய்ததற்கு நானே ஒரு பிள்ளையை எல்லோர் முன்னாலும் காய்ச்சியிருக்கிறேன்.

சித்தப்பாவிடம் சொன்னேன். முதலில் அவருக்கு உயிர் வந்தது. "அப்போ எனக்கு ஒண்ணுமில்ல." பிறகுதான் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"அவன் துட்டி வீட்டுக்குப் போனது நெசந்தானே?"

"நெசந்தான்."

"அப்போ ஆப் எப்படிக் கேட்டா என்ன? நான் சொன்ன தீர்ப்புல தப்பில்ல. நீ வெளிய மூச்சு விடாத. குழுவே சிரிப்பாச் சிரிச்சுப்போவும்." எழுந்து கதவுவரை போனவர் திரும்பி நின்றார். "முட்டை சமாச்சாரமும்தான்."

அவர் கீழே போனதும் அந்த விதியைச் சரிசெய்தேன். புதிதாகப் பெயர் போடும்போது மட்டும் பார், மற்ற நேரம் பார்க்காதே என்று ஒரே ஒரு வரி. டம்ளரில் இருந்த காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

காப்புக் கட்டிவிட்டால் வேஷத்தை மாற்ற முடியாது, அதற்கு இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கே அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆபீஸில் புது வெர்ஷன் வெளியிடுகிற ரிலீஸ் வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரிலீஸ் முடிந்தது. தலைவலி என்றேன். என்ன என்று போய்ச் சொல்வது? அவர் தெருவில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி நடந்தேன். எதிர்முனையில் யாரும் இல்லை. பின்தெருப் பையன் கையில் காப்பு ஏறியது. நான் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மளிகைக் கடையில் அண்ணாச்சி மனைவியை, அந்த அக்காவைப் பார்த்தேன். கஞ்சிக்கு நொய் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்றார். "இவரு வேலைக்கே போகல. புள்ளை பக்கத்துலயே உக்காந்திருக்காரு. நேந்ததை முறிச்சிட்டேன், அம்மன் எம் புள்ளையைத் திருப்பிக் கேக்குதான்னு பொலம்புதாரு." கடையில் அதற்குமேல் நிற்க முடியவில்லை. அரிசிப் பையை நானே வாங்கிக்கொண்டு அவர் கூடவே நடந்தேன்.

அந்தப் பெண் கட்டிலில் படுத்துப் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று பார்த்தாலே தெரிந்தது. அண்ணாச்சி கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். விரதத் தாடியை எடுத்திருந்தார். ஆள் பாதியாகத் தெரிந்தார்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம். கட்டத்தை எடுத்ததையும், விதியை எடுக்காமல் விட்டதையும், திருத்துகிற எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்பதையும் எனக்குத் தெரிந்த எளிய பேச்சில் சொன்னேன்.

"அப்போ நான் மொதல்ல டிக் போட்டப்போ அது எடுத்துக்கிட்டுல்லா?"

"எடுத்துக்கிட்டு அண்ணாச்சி."

"அன்னைக்கு நான் வாயைத் தொறக்காம நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது. உங்க போன் நம்பர் மட்டும் மாறாம இருந்திருக்கும்."

அரிசிப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "அவ்வளவுதானா" என்றார். குரல் உயரவே இல்லை. "டெங்கு வந்தப்போ எம் புள்ளையை ஆஸ்பத்திரிக்கு பைக்ல தூக்கிட்டுப் போனவன்தான் அந்தச் செத்துப்போனவன். அவன் மூஞ்சியைப் பாக்காம இவரு எப்படி இருப்பாரு? அதைக் கொண்டுபோய் அத்தனை பேரு முன்னால சொல்ல வச்சிட்டு, இப்ப வந்து போன் நம்பர்னு சொல்லுதியே."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் அவர்கள் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அதைக் கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் வரும்னு சொல்லுதியே. வேற யாருக்காவது வந்துச்சா?"

"சித்தப்பாவுக்கு வந்துச்சு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வந்துவிட்டது.

"தலைவருக்கா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதே சிவப்பா? அவரு என்ன சொன்னாரு?"

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது எனக்கு. முட்டையைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷர் சிரித்திருப்பார், அல்லது கத்தியிருப்பார். நேரே குடிலுக்குப் போய்ச் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்திருப்பார். தன்னைப் போலத்தான் எல்லோரும் என்று அன்றைக்கு ராத்திரி தூங்கியாவது இருப்பார். எங்கள் குடும்பத்து மானம், சித்தப்பாவின் தலைமை, அடுத்த வேளை சித்தப்பா முகத்தில் எப்படி விழிப்பது, எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்தது.

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "கோளாறுன்னு கண்டுபிடிச்சுட்டாரு."

அண்ணாச்சி மெதுவாகத் தலையை ஆட்டினார். இத்தனை நாள் தேடிய ஒன்று அகப்பட்ட மாதிரி இருந்தது அவர் முகம். மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? அவருக்கும் அதே கேள்விதான் வந்திருக்கு. அவருகிட்டச் சொல்ல ஒண்ணுமில்ல, கோளாறுன்னு நேரா சொல்லிட்டாரு. எங்கிட்டத்தான் இருந்திச்சு. அதான் எனக்கு நெஞ்சு அடிச்சிட்டு." பிறகு என்னிடம், "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா. உன் மேல தப்பில்ல" என்றார்.

அந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

கிளம்பும்போது அண்ணாச்சி வாசல்வரை வந்தார். அடுத்த வருடத்திலிருந்து மறுபடி மூன்று வருடம் கட்டப்போகிறாராம். அவர் பெயரை முதலில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"அந்த விரதக் கேள்வியை மட்டும் எடுத்துராதம்மா" என்றார். "என்னை மாதிரி ஆளுக்கு அது வேணும்."

சரி அண்ணாச்சி என்றேன்.